புயலுக்கு ஊரில் சைக்கிள் படை: திட்டம் போட்டிருக்கிறோம், ஓட்டைகளைச் சொல்லுங்கள்

#1 கடைமடையான்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா எங்களைக் கடந்து போனது. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால் வானம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தெருவில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை, அதனால் அப்படி.

மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். குறுக்கே கிடந்த மரங்களை நாற்பத்தொன்று வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். போனில் சிக்னல் இல்லை. பத்து மணி வாக்கில் கீழத்தெருப் பக்கமிருந்து பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தார்களே, அந்த சைக்கிள். ரோடு இருந்த இடத்தில் மிதித்தான், மரம் கிடந்த இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினான். "சுவர் இடிஞ்சு ஒரு பாட்டி மாட்டிக்கிட்டாங்க, ஆள் வேணும்" என்றான். வெளியிலிருந்து எங்களுக்கு வந்த முதல் செய்தி அதுதான். எட்டுப் பேர் கடப்பாரையோடு போனோம். பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஐப்பசி பிறப்பதற்குள் எதையாவது செய்துவிட வேண்டும் என்று இளைஞர் மன்றத்தில் பேசியிருக்கிறோம். 12 புது சைக்கிள் வாங்கிச் சமுதாயக்கூடத்தில் பூட்டி வைப்பது. அதில் இரண்டுக்குப் பின்னால் சிறு டிரெய்லர். குடிநீர், சாப்பாட்டுப் பொட்டலம், மருந்து கொண்டுபோக. காயம்பட்டவர்களைக் கட்டி இழுக்க ஒரு ஸ்ட்ரெச்சர். 18 முதல் 30 வயதுக்குள் பன்னிரண்டு பையன்கள், ஆளுக்கு ஒரு பனியன், ஒரு விசில். எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள். பாராட்டு வேண்டாம்.

#2 நூறு_சிசி

கேட்டதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு ஒரு பைக் நிற்கும் காலத்தில் சைக்கிளைத் தேடுவது ஏக்கம், திட்டம் இல்லை. பைக்கில் மூன்று பேர் போகலாம், அரிசி மூட்டை போகும், இருபது நிமிடத்தில் பட்டுக்கோட்டை போகலாம். 12 சைக்கிள் வாங்கும் காசில் இரண்டு மரம் அறுக்கும் மெஷின் வாங்குங்கள். ரோடு திறந்தால் எல்லாம் தானாக வரும்.

#3 கடைமடையான்

மெஷின் யோசனை நல்ல யோசனை, அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் அண்ணே, நூறு சிசி வண்டி 110 கிலோ. மரத்துக்கு மேலே தூக்கிப் பாருங்கள். பள்ளிக்கூட சைக்கிள் 20 கிலோவுக்குள். அப்புறம் பெட்ரோல். பங்க்கில் பம்பு ஓட கரண்ட் வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் வேண்டும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் விளக்கு எரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. முதல் இரண்டு நாள் பைக் எல்லாம் திண்ணையில்தான் நின்றன.

#4 நூறு_சிசி

சரி, முதல் இரண்டு நாள் உங்களுக்கு. மூன்றாம் நாளிலிருந்து எனக்கு.

#5 வடமராட்சியான்

ரெண்டு பேருக்கும் நடுவிலே நான் வரலாமா? நாங்கள் இரண்டு நாள் இல்லை, வருசக்கணக்காகப் பெட்ரோல் இல்லாமல் இருந்த சனம்.

1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் கொண்டுவர அரசாங்கத் தடை. மண்ணெண்ணெய் தங்கம். சைக்கிள்தான் எங்களுக்கு லொறி, வான், ஆம்புலன்ஸ் எல்லாம். இரவில் செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைப்போம். சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், சில்லு மேலே. டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்கு. ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்ற எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் குரல் இழுபடும், செய்தி வாசிப்பவருக்கு நித்திரை வந்ததுபோல இருக்கும். உடனே அடுத்த ஆள் மாறவேண்டும். எங்கள் வீட்டில் அது என்னுடைய வேலை, எனக்கு அப்போது பத்து வயது. உங்கள் திட்டத்தில் டைனமோ இருக்கிறதா? கடையில் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் தேடுங்கள். கரண்ட் இல்லாத ஊருக்கு ஒரு ரேடியோ போதும்.

இன்னொன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய வலிகாமம் பகுதியும் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு. மழை. லட்சக்கணக்கில் சனம் ஒரே ரோட்டில். சாவகச்சேரி எங்களுக்கு வழமையாக ஒரு மணித்தியால ஓட்டம், அன்றைக்கு அடுத்த நாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம். ஒருவரும் மிதிக்கவில்லை. மிதிக்க இடம் எங்கே? எல்லோரும் உருட்டினார்கள். கரியரில் உரப்பை, பாரில் தம்பி, ஹாண்டிலில் கேத்தில். அம்மம்மா கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தா. ஓடாத சைக்கிளும் சுமக்கும், அதை அன்றைக்குத்தான் கண்டேன். ஆனபடியால் நல்ல கனமான கரியரும் இரட்டைக் கால் ஸ்ராண்டும் போடுங்கள். ஒற்றைக்கால் ஸ்ராண்டில் சாமான் ஏற்றினால் விழும்.

சுனாமிக்குப் பிறகு 2005இல் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்றொரு அமைப்பு இலங்கையில் 24,000க்கு மேல் சைக்கிள் கொடுத்தது. அந்த அமைப்பே அந்த வேலையில்தான் பிறந்தது, அதற்குப் பிறகுதான் ஆப்பிரிக்காவுக்குப் போனது. சோறு, உடுப்பு எல்லோரும் கொண்டுவந்தார்கள். முகாமிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வழி கொடுத்தவர்கள் குறைவு.

#6 பஞ்சர்கடை

கும்பகோணம் பக்கம் 31 வருடமாகக் கடை. வாடகை சைக்கிள் காலத்திலிருந்து. இப்போது பைக் பஞ்சர்தான் அதிகம், இருந்தாலும் சைக்கிளை மறக்கவில்லை.

தம்பி, 12 புது சைக்கிள் வாங்கிப் பூட்டி வைப்பேன் என்கிறீர்களே, அங்கேதான் திட்டம் செத்துப்போகிறது. நிற்கிற சைக்கிள் கெட்டுப்போகும். காற்று இறங்கி டயர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி ஓரம் வெடிக்கும். வால்டியூப், அதாவது காற்று வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய், உருகி ஒட்டிக்கொள்ளும். செயின் கடல்காற்றில் ஒரே மாதத்தில் சிவந்துவிடும். மூன்று வருடம் கழித்துப் புயல் வரும்போது சாவி யாரிடம் என்று முதலில் தேடுவீர்கள். பிறகு பம்பு எங்கே என்று தேடுவீர்கள்.

தினமும் ஓடுகிற சைக்கிளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பால்காரர், மீன்காரர், பேப்பர் போடும் பையன், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் வண்டியை வருடத்துக்கு இரண்டு முறை ஊர்ச் செலவில் சரிபார்த்துக் கொடுங்கள். ஆடியில் ஒரு முறை, புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை. பதிலுக்குப் புயல் வந்தால் வண்டியும் ஆளும் ஊருக்கு. 12 வண்டி வாங்கும் காசில் 60 வண்டியை ஓட்டத்தில் வைத்திருக்கலாம்.

சாமான்: வண்டிகளை டயர் அளவுப்படி பிரித்து எழுதி வையுங்கள். எந்த அளவு அதிகமோ அதற்கு மட்டும் டியூப் நாலு, டயர் இரண்டு. எல்லா அளவுக்கும் ஒவ்வொன்று வாங்கினால் தேவைப்படும்போது தேவைப்படுகிற அளவு இருக்காது, இது கடைக்காரன் அனுபவம். வால்டியூப் ஒரு மீட்டர், அதற்கு அதிகக் காசு ஆகாது, ஆனால் அது இல்லாமல் நின்ற வண்டிதான் அதிகம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் சின்ன டியூப்பாக வாங்குங்கள். பெரிய டப்பா ஒரு முறை திறந்தால் அடுத்த வருடம் கல். பேட்ச், உப்புத்தாள், டயர் நெம்பி, ஸ்பேனர், கோட்டர்பின், செயின் லாக். பம்பு இரண்டு.

புயலுக்கு மறுநாள் பஞ்சர் சாதாரண நாள் மாதிரி இருக்காது. ஓட்டிலிருந்தும் தகரத்திலிருந்தும் பிடுங்கி வந்த ஆணி, கண்ணாடி, கருவைமுள் எல்லாம் ரோட்டில் கிடக்கும். ஒரே டியூப்பில் ஐந்து ஓட்டை ஒட்டியிருக்கிறேன். அவசரத்துக்குப் பழைய டியூப்பை நீளவாக்கில் அறுத்து டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் படுக்கப் போடுங்கள். வண்டி கொஞ்சம் கனமாக ஓடும், முள் அவ்வளவு சுலபமாக இறங்காது.

#7 கடைமடையான்

அண்ணே, ஒரே பதிவில் என் பட்ஜெட்டைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். மன்றத்தில் இதைப் படித்துக் காட்டினேன். புது சைக்கிள் வேண்டும் என்று இரண்டு பேர் இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள், அது அவர்கள் பிரச்சினை.

#8 வேளச்சேரி_மாடி

டெல்டாக்காரர்களுக்குக் காற்று, எங்களுக்குத் தண்ணீர். 2015 சென்னை வெள்ளத்தில் டிசம்பர் 1 இரவிலிருந்து நான் மாடியிலேயே இருந்தவன். மூன்றாம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பெரிய வீரன் மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். தெரு முனையில் மழைநீர்க் கால்வாயின் மூடி இல்லை. முன்சக்கரம் உள்ளே, நான் ஹேண்டிலுக்கு மேலே பறந்து எதிர்ப்பக்கம். இரண்டு பல் போச்சு. சைக்கிள் நான்கு நாள் கழித்துக் கிடைத்தது.

பிற்பாடு எனக்கு நானே வைத்த சட்டம்: தரை தெரிந்தால் மட்டுமே சைக்கிள். தெரியாவிட்டால் இறங்கி, கையில் கம்பு வைத்துத் தட்டித் தட்டி நட. ஓடும் தண்ணீர் என்றால் அதுவும் வேண்டாம், அரை அடி ஆழம் ஓடினாலே ஆளைச் சாய்த்துவிடும். மின்கம்பி அறுந்து கிடக்கும் தெருவில் ஈரமாக எது இருந்தாலும் கிட்டே போகாதீர்கள். அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது மீனவர்களின் படகுகள்தான், சைக்கிள் இல்லை. ஆனால் படகு வந்து நின்ற தண்ணீர் விளிம்புக்கும் சாப்பாடு பொங்கிய மண்டபத்துக்கும் நடுவே சைக்கிள்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கார்கள் ஒன்றை ஒன்று அடைத்துக்கொண்டு நின்ற ரோட்டில் அது மட்டும்தான் நகர்ந்தது.

#9 பஞ்சர்கடை

#8க்கு ஒன்று சேர்க்கிறேன். சக்கரத்தின் நடுக்குடம் தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும், பேரிங் பால்ஸ் இரண்டே நாளில் அரைக்க ஆரம்பிக்கும். கடல்தண்ணீர் என்றால் இன்னும் மோசம். வீடு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு எண்ணெய். ஈரமான ரிம்மில் பிரேக் பிடிக்காது, முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு வழுக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

#10 ஊர்_நர்ஸ்

கிராம சுகாதார செவிலியராக 18 வருடம். ஸ்ட்ரெச்சரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேண்டவே வேண்டாம். சுவர் விழுந்து அடிபட்டவருக்குக் கழுத்திலோ முதுகிலோ எலும்பு உடைந்திருக்கலாம். அவரைக் கட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்தால் நீங்களே முடமாக்கிவிடுவீர்கள். பலகையிலோ கதவிலோ அசையாமல் படுக்க வைத்து நாலு பேர் தூக்குங்கள். மெதுவாகப் போனாலும் பரவாயில்லை. சைக்கிள் முன்னால் ஓடிப்போய் எங்களிடம் சொல்லட்டும், 108 எந்த இடம் வரை வர முடியும் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வரட்டும். அதுதான் அதன் வேலை.

பாம்புக்கடி தனிக்கதை. வெள்ளம் வந்தால் பாம்பு வீட்டுக்குள் வரும். கடிபட்டவரைச் சைக்கிள் மிதிக்க விடாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள், கடித்த கை காலை அசைக்காமல் வைத்து வேகமாக ஆஸ்பத்திரி. இங்கே நூறு_சிசி தம்பிக்கு நான் கட்சி மாறுகிறேன். நேபாளத்தில் தமக் என்ற ஊர்ப் பக்கம் பைக் வைத்திருக்கும் தன்னார்வலர்களைப் பிடித்து, கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ள ஏற்றிப்போகப் பழக்கினார்கள். முன்பு கடிபட்ட பத்துப் பேரில் ஒருவர் இறந்துகொண்டிருந்தார், அதற்குப் பிறகு இருநூறில் ஒருவர் ஆனது. ரோடு திறந்திருந்தால் பைக்தான்.

நான் சைக்கிளிடம் கேட்பது வேறு. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது: நிறைமாதக் கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள். புயல் எச்சரிக்கை வந்த உடனே, கரைகடக்கும் முன்பே, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது, பிரசவத் தேதி நெருங்கியவரை இப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா. நான் ஒருத்தி ஐந்து குக்கிராமம். கஜாவுக்கு முந்தைய நாள் மூன்றைத்தான் முடிக்க முடிந்தது. நாலாவது ஊரில் ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பிரசவம். தாயும் பிள்ளையும் நலம், ஆனால் அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்கும். அன்றைக்கு இரண்டு சைக்கிள் இருந்திருந்தால் போதும்.

#11 கணக்கு_சார்

குடிநீர் விஷயத்தைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம், ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை.

நிவாரணப் பணியில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்று உலக அளவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. உங்கள் ஊரில் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். 18,000 லிட்டர். சைக்கிளுக்கு 20 லிட்டர் கேன் இரண்டு, அதாவது 40 கிலோ. 450 நடை. 12 சைக்கிளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 37 நடைக்கு மேல். பிடித்து, ஏற்றி, இரண்டு கிலோமீட்டர் போய், இறக்கித் திரும்ப 40 நிமிடம் என்றால் 25 மணி நேரம். நாளில் 24 மணி நேரம்தான் இருக்கிறது. இதையே 5,000 லிட்டர் டேங்கர் மாட்டிய டிராக்டர் நாலே நடையில் முடித்துவிடும்.

சுமையை மாற்றுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று சுமார் 21 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. நூறு பாக்கெட் இரண்டு கிலோ சொச்சம். தண்ணீரைத் தூக்குவதைவிட, இருக்கிற தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரின் மாத்திரையைத் தூக்குவது புத்திசாலித்தனம். ஒரு பையன் முதுகில் மாட்டிய பையில் ஒரு தெருவுக்கு வேண்டியது போகும். எடையில் சின்னது, பயனில் பெரியது எதுவோ அது சைக்கிளுக்கு. செய்திக்கு எடையே கிடையாது, ஆகவே அதுதான் முதல் சுமை.

#12 நூறு_சிசி

சார் சொன்னதை நான் முதலிலேயே சொன்னேன்.

#13 கணக்கு_சார்

நீங்கள் டிராக்டரைச் சொல்லவில்லை தம்பி, பைக்கைச் சொன்னீர்கள். பைக்குக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் குறைவான அவமானத்தோடு.

#14 போர்ட்லாந்து_தமிழன்

நான் இருக்கும் ஓரிகன் மாநிலத்தில் கடலோரமாக ரிக்டர் 9 அளவுக்கு நிலநடுக்கம் ஒரு நாள் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், கடைசியாக வந்தது 1700 ஜனவரியில். பாலங்கள் இடிந்தால் என்ன செய்வது என்று யோசித்து 2012இல் சைக்கிள்காரர்கள் ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். நிலநடுக்கம் வந்து நாலாவது நாள் என்று வைத்துக்கொண்டு, ஊர் முழுக்கச் சுற்றிச் சாமான் சேகரித்து வர வேண்டும். வழியில் தடுப்புக்கு மேலே வண்டியைத் தூக்கிப் போட வேண்டும். கூடவே பச்சை முட்டை கொடுப்பார்கள், உடையாமல் கொண்டுபோக வேண்டும். நான் ஒரு வருடம் வேடிக்கை பார்த்தேன். எட்டு லட்ச ரூபாய் வண்டி வைத்திருந்தவர் முட்டையை உடைத்தார், பழைய இரும்பு வண்டிக்காரர் டவலில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். விளையாட்டு மாதிரி இருந்தாலும், யாருடைய வண்டி எதைத் தாங்கும் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. நீங்களும் பொங்கலுக்கு ஒன்று வையுங்களேன்.

#15 கடைமடையான்

பொங்கல் வரும்போது புயல் சீசன் முடிந்துவிடும் அண்ணே. ஆடிப்பெருக்குக்கு வைக்கிறோம். முட்டை யோசனை பிரமாதம், இன்சுலின் குப்பிக்கு அதே பயிற்சி.

#16 தோக்கியோ_வாசி

ஒரு சின்னத் தகவல். 2011 மார்ச் 11 மதியம் நிலநடுக்கம் வந்ததும் தோக்கியோவில் ரயில்கள் நின்றுவிட்டன. லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு நடந்தார்கள், நானும் 17 கிலோமீட்டர் நடந்தேன். வழியில் இருந்த சைக்கிள் கடையில் ஒரு வண்டிகூட மிச்சமில்லை, அலுவலக உடையோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஆபத்து வந்த அன்று வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 1995இல் கோபே நிலநடுக்கத்திலும் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டபோது இரண்டு சக்கரம்தான் நுழைந்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள்.

#17 புதுக்கோட்டை_அக்கா

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி. பன்னிரண்டு பேர் படையில் பொம்பளை எத்தனை பேர்?

1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டோம். கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி டீச்சர்கள், நாற்று நடுகிறவர்கள். ஆயிரக்கணக்கில். எனக்கு அப்போது இருபத்திரண்டு. பாவாடையைச் செருகிக்கொண்டு ராத்திரியில் கண்மாய்க் கரையில் பழகினேன், பகலில் பார்த்தால் சிரிப்பார்களே. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் விலையும் அதிகம், கிடைக்கவும் இல்லை, அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பழகினோம். அதில் ஒரு லாபம், முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம்.

இப்போது உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பதினொரு மணிக்கு அந்தப் பன்னிரண்டு பையன்களில் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள்? பாதிப் பேர் திருப்பூர், சிங்கப்பூர், கடல். இருப்பது நாங்கள். பள்ளிக்கூட சைக்கிள் பாதி எங்கள் பெண் பிள்ளைகளிடம் நிற்கிறது. அப்புறம், முகாமில் ஒரு பெண்ணுக்கு நாப்கின் வேண்டும் என்றால் பனியன் போட்ட பையனிடம் கேட்பாளா?

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் போலா புயலில் லட்சக்கணக்கில் செத்தார்கள். எச்சரிக்கை ரேடியோ வரைக்கும் வந்தது, குடிசை வரைக்கும் வரவில்லை. பிறகுதான் ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். மெகாபோன், கையால் சுற்றுகிற சைரன், கொடி. ஆபத்து ஏற ஏற ஒரு கொடி, இரண்டு, மூன்று. நடந்தும் சைக்கிளிலும் போய்ச் சொல்கிறார்கள். இன்றைக்கு அந்தத் தொண்டர்களில் ஏறக்குறையப் பாதி பெண்கள்.

#18 கடைமடையான்

அக்கா, மன்னிக்க வேண்டும். ஒருத்தர்கூட இல்லை. என் தங்கையே கேட்கவில்லை பாருங்கள், அல்லது கேட்டிருப்பாள், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

திட்டத்தை மாற்றி எழுதினேன். புது சைக்கிள் இல்லை. ஊரில் ஓடுகிற வண்டிகளில் 34 பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் 15 பெண்கள். டிரெய்லர், ஸ்ட்ரெச்சர், குடிநீர் மூன்றும் போச்சு. வானிலைத் துறை 24 மணி நேர எச்சரிக்கை விட்டதும் நர்ஸ் அக்கா நோட்டைப் பிரித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவது முதல் வேலை. கரைகடக்கும் நேரத்தில் எல்லோரும் உள்ளே, ஒருத்தரும் வெளியே சுற்றக்கூடாது. காற்று அடங்கியதும் செய்தி ஓட்டம். மூன்றாம் நாள் நூறு_சிசி அண்ணனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

#19 கடைமடையான்

ஒத்திகை முடிந்தது. கடலோரக் குப்பத்திலிருந்து ஊராட்சி அலுவலகம், அங்கிருந்து துணை சுகாதார நிலையம், 6.2 கிலோமீட்டர். வழியில் மூன்று இடத்தில் தென்னந்துண்டுகளை உருட்டிப் போட்டோம். 38 நிமிடம். நடந்திருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பார்த்தவை:

மரம் தாண்டும்போது தனியாக வந்தவர்கள் திணறினார்கள், ஒரு பையனுக்குப் பெடல் முழங்காலில் கிழித்துவிட்டது. ஜோடியாக வந்தவர்கள் ஒருத்தர் மேலே நின்று வாங்க, ஒருத்தர் கீழிருந்து கொடுக்க, நொடியில் தாண்டினார்கள். இனி இரண்டு பேராகத்தான் போவது.

செய்தியை வாயால் சொல்லி அனுப்பினோம். குப்பத்தில் "மூணு பேருக்குக் காயம், கட்டுத்துணி வேணும்" என்று கிளம்பியது, இரண்டு கை மாறி அலுவலகத்துக்கு வரும்போது "மூணு பேர் போயிட்டாங்களாம்" என்று வந்தது. கேட்ட தலையாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒத்திகை என்று தெரிந்தும்! அதனால் இனி சீட்டு. எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன வேண்டும், எழுதியவர் யார். பென்சிலால்தான் எழுத வேண்டும், மழையில் பேனா மை ஓடிவிடுகிறது. பால் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் சீட்டு. போனவர்கள் பதில் சீட்டோடு திரும்பி வந்தால்தான் செய்தி சேர்ந்தது என்று கணக்கு.

முதலில் வந்து சேர்ந்தது பத்தாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்கள். முட்டை உடையவில்லை. தாவணியில் சுற்றி வைத்திருந்தார்களாம்.

வடமராட்சி அண்ணனுக்கு: டைனமோ பேராவூரணியில் ஒரு பழைய கடையில் இரண்டு கிடைத்தது. கவிழ்த்து வைத்துச் சுற்றினோம், திருச்சி வானொலி வந்தது. என் பெரியப்பா கைதட்டினார்.

ஒரே ஒரு பிரச்சினை. புதிதாக வாங்கிய இரண்டு பம்பில் ஒன்று காற்றே பிடிக்கவில்லை. அமுக்கினால் கைப்பிடி தொபுக்கென்று உள்ளே போகிறது. கடையில் மூன்று மாதம் தொங்கியதாம். மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.

#20 பஞ்சர்கடை

தம்பி, பம்பு கெடவில்லை. மேல்மூடியைத் திருகிக் கழற்றித் தண்டை வெளியே இழுங்கள். முனையில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும், அது காய்ந்து சுருங்கியிருக்கும். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் விரலால் ஓரத்தை வெளிப்பக்கமாக விரித்துவிட்டு மாட்டுங்கள்.

#21 கடைமடையான்

பிடிக்கிறது அண்ணே.